கோல்... கொஞ்சம் பொறுங்கள், செக் பண்ணுகிறோம்

நான் ஒரு முட்டாள். வழக்கமாக இதை நீங்கள்தான் கடிதம் எழுதிச் சொல்வீர்கள். இந்த வாரம் அந்தச் சிரமம் உங்களுக்கு வேண்டாம் – நானே சொல்லிவிடுகிறேன்.

என் மனைவி மாலதி, நாற்பதைத் தாண்டிய வயதில், வாழ்க்கையிலேயே முதல்முறையாக ஒரு கோல் போட்டாள். எங்கள் அபார்ட்மென்ட் பெண்கள் கால்பந்து ஃபைனலில். ஆட்டம் முடியப் போகிற நேரத்தில்.

அந்தக் கோல் செல்லாது என்று தீர்ப்பு சொன்ன வீடியோ ரெஃப்ரி யார் தெரியுமா?

ஆமாம். நீங்கள் நினைக்கிற ஆளேதான். உங்கள் அபிமானப் பத்தி எழுத்தாளர். இன்னும் அதே வீட்டில்தான் வசிக்கிறேன் என்பதை ஆச்சரியத்துடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

கொஞ்சம் பின்னால் போய்ப் பார்க்கலாம். ரீப்ளே இல்லாமல் இப்போதெல்லாம் எதுதான் நடக்கிறது?

இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என் கால்பந்துப் பைத்தியம் தெரியும். எனக்கு ஆடத் தெரியாது. ஸ்கூலில் என்னை கோல் கீப்பராக நிறுத்தினால் எதிர் டீம்காரர்கள் வந்து கைகொடுத்துவிட்டுப் போவார்கள். ஆனால் ரெஃப்ரியைத் திட்டத் தெரியும். அதில் நான் சர்வதேசத் தரம்.

ஸ்டேடியத்துக்கு நம்மூர் லீக் மேட்ச் பார்க்கப் போனால், "இந்தக் காலத்துலயும் வீடியோ ரிவியூ இல்லாம மேட்ச் நடத்துறாங்களே, இவங்களை என்ன சொல்றது" என்று கத்துவேன். வீட்டுக்கு வந்து டிவியில் ஐரோப்பா மேட்ச் போட்டால், "நல்லா இருந்த ஆட்டத்தை வீடியோ ரிவியூ வெச்சுக் கெடுத்துட்டாங்களே" என்று கத்துவேன். இரண்டுக்கும் நடுவில், ஓசூர் ரோடு டிராஃபிக்கில்தான் என் தொண்டைக்குக் கொஞ்சம் ஓய்வு.

இல்லாத ஊரில் வேண்டும் என்கிறோம். இருக்கிற ஊரில் வேண்டாம் என்கிறார்கள். ரசிகன் என்பவன் யார்? தான் ஆதரிக்கிற டீம் ஜெயிக்கும்வரை நியாயம் கேட்பவன். ஜெயித்துவிட்டால் டீ குடிக்கப் போய்விடுவான்.

சரி, கதைக்கு வருகிறேன்.

எலெக்ட்ரானிக் சிட்டியில் எங்கள் அபார்ட்மென்டுக்கு ஒரு மைதானம் உண்டு. பில்டர் விளம்பரத்தில் அதை ஸ்போர்ட்ஸ் அரீனா என்று போட்டிருந்தார். கழிவுநீர் சுத்திகரிக்கிற இடத்துக்கும் கிளப் ஹவுஸுக்கும் நடுவில் மிச்சம் விழுந்த நிலம் அது. காற்று ஒரு பக்கம் அடித்தால் ஆட்டக்காரர்கள் வேகமாக ஓடுவார்கள். ஒரு பக்கத்துக்கு ஏழு பேர். வருஷத்துக்கு ஒருமுறை பிளாக்குகளுக்கு இடையே போட்டி.

ரெஃப்ரி எப்போதும் டேவிட்தான். ஆஸ்டின் டவுன் பக்கத்து ஆள். இளமையில் கால்பந்து ஆடியவர். இப்போது வயிறு முன்னால் போகிறது. அவர் பின்னால் வருகிறார். மைதானத்தின் நடுக்கோட்டுக்கு அருகே ஒரு பாதாம் மரம் இருக்கிறது. அதன் நிழல் எவ்வளவு தூரம் விழுகிறதோ அவ்வளவு தூரம்தான் டேவிட் ஓடுவார். அதற்கு அப்பால் நடப்பதெல்லாம் அனுமானம். போன வருஷம், நெஞ்சில் பட்ட பந்தைக் கையில் பட்டது என்று சொல்லி ஒரு பெனால்டி கொடுத்தார். அடி வாங்கியவர் சட்டையைத் தூக்கி, சிவந்த தடத்தைக் காட்டினார். டேவிட் அசரவில்லை.

"சார், நான் பார்த்தப்போ அது கை. இப்போ நெஞ்சுன்னா நான் இன்னா பண்ண முடியும்?"

இதைக் கேட்டபோது என் ரத்தம் கொதித்தது. அசோசியேஷன் மீட்டிங்கில் எழுந்து நின்றேன். நம் அபார்ட்மென்டில் வீட்டுக்கு ஒரு ஐடி ஆள் இருக்கிறார், ஆளுக்கு இரண்டு லேப்டாப் இருக்கிறது, ஒரு நேர்மையான தீர்ப்புக்கு மட்டும் வழியில்லையா என்று முழங்கினேன். கைதட்டினார்கள். கைதட்டியவர்களில் பாதிப் பேர் அடுத்த விஷயமான லிஃப்ட் ரிப்பேருக்காகக் காத்திருந்தவர்கள். மீட்டிங்கைச் சீக்கிரம் முடிக்க எதற்கும் தட்டுவார்கள். அது எனக்கு அப்போது தெரியவில்லை.

என்னையே வீடியோ ரெஃப்ரியாகப் போட்டார்கள்.

எனக்குப் பகல் வேலை சாஃப்ட்வேர் டெஸ்டிங். மற்றவர்கள் ராத்திரி பகலாக உழைத்துச் செய்ததைப் பார்த்து, "இது சரியில்லை" என்று சொல்வதற்குச் சம்பளம். இதைவிடப் பொருத்தமான ஆள் எங்கே கிடைப்பான்?

உடனே ஒரு சிக்கல் வந்தது. எங்கள் ஆட்டத்தில் ஆஃப்சைடே கிடையாது. சின்ன மைதானம், எதற்கு என்று விட்டிருந்தார்கள். ஆஃப்சைட் என்றால், பந்து உங்களிடம் அடிக்கப்படும் நொடியில் நீங்கள் எதிரணியின் கடைசித் தடுப்பு ஆளையும் தாண்டி, கோல் பக்கமாக நிற்கக் கூடாது. இந்த விதி இல்லாவிட்டால், திரையில் கோடு போட்டுப் பார்க்க முடியாது. கோடு போட முடியாவிட்டால் வீடியோ ரிவியூவில் என்ன கம்பீரம் இருக்கிறது?

அதனால் ஆஃப்சைடைச் சேர்க்கச் சொன்னேன். கருவி தயாராகிவிட்டது, அதற்கேற்ற பிரச்சினை ஒன்று வேண்டுமல்லவா... எங்கள் துறையில் இதற்கு இன்னவேஷன் என்று பெயர்.

கிளப் ஹவுஸின் டேபிள் டென்னிஸ் அறை என் கன்ட்ரோல் ரூம் ஆனது. மேஜை மேல் லேப்டாப். உதவிக்குப் பக்கத்து ஃபிளாட் கார்த்திக். அவன் வீட்டு நாலாவது மாடி பால்கனியிலிருந்து பார்த்தால் மைதானம் முழுக்கத் தெரியும். அவனுடைய பழைய செல்போனை பால்கனிக் கம்பியில், துணி காயப்போடும் கிளிப்பால் மாட்டிவைத்தோம். படம் நேராக என் லேப்டாப்புக்கு வந்துவிடும். டேவிட் காதில் ஒரு ப்ளூடூத். என்னோடு வாட்ஸ்அப் காலில் இருப்பார்.

இனி மாலதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஏனென்றால் இந்தக் கதையில் ஏதாவது இழந்தவள் அவள்தான். நான் மரியாதையைத்தான் இழந்தேன், அது முன்பே குறைவாகத்தான் இருந்தது.

மாலதி கிருஷ்ணகிரிக்காரி. அவள் படித்த ஸ்கூலில் மைதானம் இருந்தது. மைதானத்தில் பையன்கள் இருந்தார்கள். பெண்கள் சுற்றி நின்று ஸ்கோர் எழுதினார்கள். இங்கே ஒய்ட்ஃபீல்ட் ஆபீஸுக்குப் போய் வருவதற்கே அவளுடைய பாதி நாள் கரைந்துவிடும். ஏ பிளாக் பெண்கள் டீம் ஆரம்பித்தபோது, ஆள் குறைகிறது என்று இவளைக் கூப்பிட்டார்கள். "அக்கா, நீங்க பின்னாடி நில்லுங்க, பந்து வந்தா எங்கயாவது ஒதைச்சு விடுங்க" என்பதுதான் கேப்டன் கொடுத்த பயிற்சி.

ஆனால் மாலதி அதோடு நிற்கவில்லை. காலையில் ஆபீஸ் கேப் வருவதற்கு முன்னால் பேஸ்மென்ட் பார்க்கிங்கில் தூணைப் பார்த்து உதைத்துப் பழகுவாள். தூணுக்குப் பக்கத்தில் எங்கள் கார். அதன் பம்பரில் அவளுடைய முன்னேற்றம் பதிவாகியிருக்கிறது. புது ஷூ வாங்கினாள் – கெட்டி சாக்ஸ் போட வேண்டுமென்று ஒரு சைஸ் பெரிதாக. "ஒரே ஒரு கோல் போட்டாப் போதும்ங்க. அப்புறம் விட்டுடறேன்" என்று ஒருமுறை சொன்னாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்தேன். அவள் சிரித்தது வேறு, நான் சிரித்தது வேறு.

ஃபைனல். ஏ பிளாக்குக்கும் சி பிளாக்குக்கும். ஞாயிறு மாலை. கோல் ஏதும் விழாமல் ஆட்டம் முடியப் போகிறது. ஏ பிளாக்குக்கு ஒரு கார்னர் கிடைத்தது. எல்லோரும் முன்னால் போனார்கள். மாலதியும் போனாள். சி பிளாக் பந்தை நடுக்கோட்டுப் பக்கம் உதைத்துவிட்டார்கள். மற்றவர்கள் பின்னால் ஓடினார்கள். மாலதிக்குத் திரும்பி ஓட மூச்சில்லை; அங்கேயே இடுப்பில் கை வைத்து நின்றுவிட்டாள். எங்கள் கேப்டன் பந்தைக் காலால் நிறுத்தி, யோசிக்காமல் மறுபடி முன்னால் அடித்தாள்.

பந்து நேராக மாலதி காலுக்கு வந்தது.

உதைத்தாள். தூணை உதைத்த அதே கால். கோல் கீப்பர் ஒரு பக்கம் விழுந்தாள், பந்து இன்னொரு பக்கம் போய் வலையில் தொங்கியது.

மாலதி ஓடினாள். மூச்சில்லை என்றவள் ஓடிய ஓட்டத்தைப் பார்த்திருக்க வேண்டும். இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு, தன் டீமை நோக்கி அல்ல, கிளப் ஹவுஸை நோக்கி. நான் உட்கார்ந்திருந்த ஜன்னலுக்கு வந்து கண்ணாடியை இரண்டு கையாலும் தட்டினாள். முகமெல்லாம் வேர்வை. சிரிப்பு.

"பார்த்தீங்களா? பார்த்தீங்களா?"

நான் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் ஒரு விரலைத் தூக்கிக் காட்டினேன்.

ஒரு நிமிஷம்.

கண்ணாடியில் தட்டிய கைகள் நின்றுபோனது அப்போது தெரியவில்லை. பிறகு தெரிந்தது. எந்த ரீப்ளேயும் வேண்டியிருக்கவில்லை.

"அண்ணா, க்ளியரா கோல்தான்" என்றான் கார்த்திக்.

"ஜூம் பண்ணு."

"பண்ணிட்டேன். கோல்தான்."

"இன்னும் பண்ணு."

இங்கே ஒரு உண்மையைச் சொல்லிவிடுகிறேன். வேறு யார் போட்டிருந்தாலும் முதல் ரீப்ளேயிலேயே விட்டிருப்பேன். போட்டது என் மனைவி. கொடுத்தால், புருஷன் என்பதால் கொடுத்தான் என்பார்கள். சி பிளாக் முழுக்க வெளியே நின்றுகொண்டிருக்கிறது. அங்கே என் ஆபீஸ் டீம் லீட் வேறு குடியிருக்கிறார். என் நடுநிலைமையை உலகத்துக்குக் காட்டிவிட வேண்டும் என்று ஒரு வெறி வந்துவிட்டது. நடுநிலை என்று நினைத்துக்கொண்டு எதிர்ப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்வது நம்மில் பலருக்கு உள்ள வியாதி. சொந்த வீட்டு விஷயத்தில் அது முற்றிவிடும்.

ஜூம் பண்ணப் பண்ண மாலதி கட்டம் கட்டமாக உடைந்தாள். எது கால், எது புல் என்று தெரியவில்லை. பிரசன்டேஷனில் அம்பு வரைகிற சாதனத்தை எடுத்து, சி பிளாக் கடைசிப் பெண்ணின் குதிகாலிலிருந்து மேலும் கீழுமாகச் சிவப்பில் ஒரு கோடு போட்டேன். கோடு கொஞ்சம் தடிமன். மெல்லியதாக்கினேன். இடது பக்கம் நகர்த்தினேன். மறுபடி வலது பக்கம்.

வெளியே நேரம் போய்க்கொண்டிருந்தது. ஆறு மணிக்கு மைதானம் ஸும்பா நடன வகுப்புக்கு. அவர்கள் பாயும் ஸ்பீக்கருமாக வந்து நின்றுவிட்டார்கள். பாட்டு போட்டுச் சரிபார்த்தார்கள். சி பிளாக் கோல் கீப்பர் அதற்கு லேசாக ஆட ஆரம்பித்தாள். என் காதில் டேவிட்.

"சார், இன்னா ஆச்சு? பொண்ணுங்க சும்னே நின்னுட்டு இருக்காங்க. நான் விசில் ஊதிடவா?"

"வெயிட், டேவிட். இது துல்லியமான விஷயம்."

"தப்பு பண்ணணும்னா நானே ஒரு செகண்ட்ல பண்ணிருப்பேன் சார். இதுக்கா இவ்ளோ நேரம்?"

திடீரென்று அவர் பேச்சை நிறுத்தினார். காதை விரலால் அழுத்திக்கொண்டு, முகத்தைச் சீரியஸாக வைத்து, நாலைந்து முறை தலையாட்டினார். தீர்ப்பு வந்துவிட்டது என்று ஏ பிளாக் முழுக்க எழுந்து ஆர்ப்பரித்தது. டேவிட் கையமர்த்தினார்.

"ஒண்ணுமில்ல. வீட்ல இருந்து போன். வர்றப்போ முட்டை வாங்கிட்டு வரணுமாம்."

கடைசியில் கண்டுபிடித்துவிட்டேன். மாலதியின் ஷூ நுனி கோட்டைத் தாண்டியிருந்தது. ஒரு சைஸ் பெரிய ஷூ. உள்ளே இருக்கிற கால் சரியான இடத்தில்தான் இருந்திருக்கும். காலியாக இருந்த ஷூ நுனிதான் ஆஃப்சைட்.

"அண்ணா, ஷூக்குள்ள விரலே இருக்காதே" என்றான் கார்த்திக்.

"ஷூவும் உடம்புல சேர்ந்ததுதான்" என்றேன். எந்தப் புத்தகத்தில் படித்தேன் என்று இப்போதுவரை தெரியவில்லை.

வெளியே வந்தேன். டிவியில் செய்வதுபோல இரண்டு கைகளாலும் காற்றில் ஒரு சதுரம் வரைந்தேன். கோல் இல்லை என்று கையை விரித்தேன். சி பிளாக் கத்தியது. ஏ பிளாக் என் பிறப்பைப் பற்றிக் கன்னடத்திலும் தமிழிலும் ஹிந்தியிலும் சில கருத்துகளைத் தெரிவித்தது. மாலதி தன் இடத்துக்கு, பின்னால், மெதுவாக நடந்து போனாள்.

பெனால்டியில் ஏ பிளாக் தோற்றது. மைதானத்தில் ஸும்பா ஆரம்பித்தது.

வீட்டில் சண்டை வரும் என்று தயாராக இருந்தேன். வரவில்லை. ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டே கேட்டாள்:

"எவ்ளோ?"

"என்ன எவ்ளோ?"

"எவ்ளோ தாண்டி இருந்தேன்?"

கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் சேர்த்து, நடுவில் ஒரு அரிசி போகிற அளவுக்கு இடைவெளி விட்டுக் காட்டினேன். அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"சரி" என்று மட்டும் சொன்னாள்.

செவ்வாய்க்கிழமை கார்த்திக் வந்தான். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அண்ணா, ஒரு விஷயம். அன்னைக்கு வீடியோவை இன்னொரு வாட்டி பார்த்தேன். கோல் போஸ்ட் பாருங்களேன்."

பார்த்தேன். கோல் போஸ்ட் சாய்ந்திருந்தது. பாதாம் மரம் சாய்ந்திருந்தது. பின்னாலிருந்த பி பிளாக், பன்னிரண்டு மாடியும், குடித்துவிட்டு நிற்பதுபோலச் சாய்ந்திருந்தது. பால்கனிக் கம்பியில் கிளிப் நழுவி, செல்போன் ஒரு பக்கமாகத் தொங்கியிருக்கிறது. ஊரே சாய்ந்து கிடந்த படத்தில், நான் கோட்டை மட்டும் திரையின் ஓரத்துக்கு இணையாக, நெட்டுக்குத்தலாகப் போட்டிருக்கிறேன்.

அன்று முழுக்க ஷூ நுனியைப் பார்த்தேன். ஒரு பன்னிரண்டு மாடிக் கட்டிடம் என் கண்ணில் படவில்லை.

படத்தை நேராக்கிக் கோடு போட்டோம். ஷூவோடு சேர்த்தே மாலதி நன்றாகப் பின்னால் நின்றிருந்தாள். சுத்தமான கோல்.

நடுநிலையாளன் அல்லவா... அபார்ட்மென்ட் வாட்ஸ்அப் குரூப்பில், 'திருத்தப்பட்ட தீர்ப்பு' என்று தலைப்பிட்டு, இரண்டு படத்தோடு நீளமாக எழுதினேன். நிறையப் பேர் கட்டைவிரல் போட்டார்கள். ஆஃப்சைட் வேண்டுமென்று முதலில் கேட்டது யார் என்று செக்ரட்டரி விசாரித்தார். சி பிளாக் கேப்டன் ரேஷ்மா, கப் இப்போது தன் வீட்டு ஃபிரிட்ஜ் மேல் இருக்கிறது, அங்கிருந்து எடுக்கிற உத்தேசமில்லை, வேண்டுமானால் சனிக்கிழமை இன்னொரு மேட்ச் ஆடலாம் – கணவர்கள் இல்லாமல் – என்று எழுதினாள்.

மாலதியிடம் போனைக் காட்டினேன்.

"கோல்தான்னு சொல்லியாச்சு. அஃபீஷியலா."

படித்தாள். போனைத் திருப்பிக் கொடுத்தாள். நல்ல செய்தி வந்த முகமாக இல்லை அது. கேஸ் சிலிண்டர் டெலிவரி மெசேஜ் படித்த முகம்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. டிவிக்கு முன்னால் இத்தனை வருஷமாக நான் கத்துவது தீர்ப்பு தப்பு என்பதற்காகவா? தப்பான தீர்ப்பை நாம் எப்போதும் பார்த்து வந்திருக்கிறோம். திட்டினோம், மறந்தோம். இப்போது என்ன நடக்கிறது? கோல் விழுகிறது, எழுந்திருக்கிறோம், பாதி எழுந்தவுடன் நின்றுவிடுகிறோம். ரெஃப்ரியின் கை காதுக்குப் போகிறதா என்று பார்க்கிறோம். உட்காரவும் முடியாது, குதிக்கவும் முடியாது. பிறகு, கோல்தான் என்று சொன்னால், சரியாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் யாருக்கு வேண்டும்? சரிபார்த்துக் கொடுத்த சந்தோஷத்தில் ஆறிப்போன தோசையின் வாசனைதான் வருகிறது.

கோலைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். ஜன்னல் கண்ணாடியில் தட்டிய அந்த நொடியை எந்த சர்வரிலிருந்து எடுத்துக் கொடுப்பது?

சனிக்கிழமை மேட்ச். என்னைப் பதவியிலிருந்து விலக்கியிருந்தார்கள். ஆஃப்சைடையும் விலக்கியிருந்தார்கள். இருந்தாலும் போனேன். ஓரமாக, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, சாதாரணப் பார்வையாளனாக நின்றேன்.

இரண்டாவது பாதியில், ரேஷ்மாவின் காலிலிருந்து நழுவிய பந்து மாலதியிடம் வந்தது. இந்த முறை அவள் ஓடிக்கொண்டிருந்தாள். ஓடியபடியே உதைத்தாள். பந்து மேல் கம்பியில் பட்டு உள்ளே விழுந்தது. போன வாரத்தைவிட அழகான கோல்.

நான் குதித்துவிட்டேன்.

குதித்தது நான் மட்டும்தான். மாலதி அடித்த இடத்திலேயே நின்றாள். திரும்பி என்னைப் பார்த்தாள். அவள் பார்த்ததும் அவளுடைய டீம் பார்த்தது. சி பிளாக்கும் பார்த்தது. பாதாம் மர நிழலில் இருந்து டேவிட், வாயில் விசிலோடு, அவரும் என்னைத்தான் பார்த்தார்.

"சார்... ஓகேவா?"

"என்னை எதுக்குக் கேக்கறீங்க? நான் யாருமில்லை. கோல்தான், ஊதுங்க."

டேவிட் ஊதினார். கோல். மாலதி அப்போதும் அசையவில்லை. கை இடுப்பில் இருந்தது. எனக்குத் தாங்கவில்லை. கோட்டோரம்வரை ஓடிப்போய்ச் சொன்னேன்:

"மாலதி, அதான் கோல்னு சொல்லிட்டாரே. ஏன் நிக்கற? குதி."

"நீங்க வீட்டுக்குப் போங்க. அப்புறம் குதிக்கிறேன்."